ஏழு கொக்கிகள்

அளவம்மாவுக்குத் துப்பாக்கி என்றால் பயம். துப்பாக்கி செய்கிற வீட்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தும் அந்தப் பயம் ஒரு நாள்கூட விலகியதில்லை. பட்டறையின் பின்னறையில், மணல் நிரப்பிய இரும்புக் குழாய்க்குள் அண்ணன் சோதனைக்குச் சுடப்போகிறார் என்று தெரிந்தால் போதும், உப்பு தீர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லிக் கடைக்குக் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் ஏழெட்டுப் பாக்கெட் உப்பு இருக்கும்.

அண்ணன் வேட்டைத் துப்பாக்கி செய்தவர் அல்ல. ஐம்பது மீட்டருக்கு அப்பால் அட்டையில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கு, ஆளுக்கு ஒன்றாக, அவரவர் உடம்புக்கு ஏற்ற ரைஃபிள் செய்து கொடுப்பார். உரிமமும் அரசாங்க முத்திரையும் முறைப்படி உண்டு. உரிமத்தில் தங்கை பேரும் இருந்தது. இரும்பு வேலை அவருடையது, தோளிலும் கன்னத்திலும் பதிகிற மரக்கட்டை வேலை அவளுடையது. அவர்கள் அப்பா நாற்காலி செய்தவர். உளி பிடிக்கிற கை மகளுக்குத்தான் வாய்த்தது.

ஆள் வந்தால் தோள் அகலம், கழுத்து நீளம், கன்ன எலும்பிலிருந்து தோள்குழி வரைக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளப்பாள். உள்ளங்கையைக் காகிதத்தில் விரிக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுவாள். "வயித்தை உள்ள இழுக்காதீங்க. சுடும்போது அது வெளிய வந்துடும், அப்புறம் என் கட்டையைக் குறை சொல்வீங்க" என்பாள். அப்படித்தான் அவளுக்கு அளவம்மா என்ற பேர் வந்தது. அண்ணனுக்குப் பேர் நூல்காரர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பது பட்டறைப் பேச்சு. இங்கே ஒரு நூல் தப்பினால் அங்கே குண்டு பக்கத்துக்காரன் அட்டையில் போய் உட்காரும் என்று, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவள் அந்த வீட்டுக்கு வந்த கதை சின்னது. கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய கணவர், கப்பலோடு போனாரா வேறு யாரோடாவது போனாரா என்று தெரியாமலே போனார். ஒரு பெட்டியோடு வந்து, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த ஒரு வாரம் எப்போது முடியும் என்று அண்ணி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத அந்தப் பெருந்தன்மைக்கு அளவம்மா ஆயுள் முழுக்கக் கட்டுப்பட்டவளாக இருந்தாள். அண்ணி சொன்னதை அவள் தட்டியதே கிடையாது.

அண்ணன் இறந்தது ஒரு மத்தியான வேளையில். டீ குடித்துவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தவர் குனிந்தார். கீழே விழுந்த திருகாணியைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் எதிர்ப்பக்கம் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கிடைச்சுதா?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்து நாலாம் நாள், டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அண்ணன் செய்த ரைஃபிளை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாகப் போட்டிகளுக்குப் போகிறார். காய்ச்சலில் படுத்து உடம்பு இளைத்துவிட்டதால் கட்டை கன்னத்தில் இடிப்பதாகச் சொன்னார். அளவம்மா வழக்கம்போல், தோட்டா போடும் அறையை மூடுகிற போல்ட்டைத் திறந்து பார்த்தாள். தோட்டா இல்லை. மறுபடி பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். மூன்று முறை பார்ப்பது அவள் பழக்கம். அண்ணன் இதற்காக அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. பிறகு போல்ட்டை மூடி, ரைஃபிளை மேஜைமேல் வைத்தாள். வைக்கும்போது கட்டையின் அடி, மேஜையில் பொருத்தியிருந்த பிடிப்பானின் கைப்பிடியில் லேசாகத் தட்டியது.

டிக் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். விசையை இழுத்தால் உள்ளே இருக்கிற ஊசி பாய்கிற சத்தம் அது. தோட்டா இருந்திருந்தால் வெடித்திருக்கும். ஆனால் விசையை யாரும் இழுக்கவில்லை. டீச்சர் ஜன்னலோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அளவம்மாவின் இரண்டு கைகளும் கட்டையின் மரத்தில்தான் இருந்தன.

தோட்டா இல்லாத துப்பாக்கிதான், இருந்தாலும் அதன் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்திருந்தது.

டீச்சரை இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னாள். போல்ட்டைத் திறந்து மூடி, மறுபடி லேசாகத் தட்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் தட்டினாள். ஒன்பதாவது தடவை, டிக்.

"டீச்சர், இது எப்பவாவது தானா வெடிச்சிருக்கா?"

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். போன மாதம் ஒரு தடவை, தொடுவதற்கு முன்னாலேயே வெடித்தது என்றார். குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தது. பயிற்சியாளர் தன்னைத்தான் திட்டினார், தானும் நரம்புத்தளர்ச்சி என்று நினைத்து மருந்துகூட வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் முகம் வெளிறிப்போனது. பக்கத்து மேடையில் அன்றைக்கு இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள்.

ரைஃபிளை அங்கேயே விட்டுப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு, அளவம்மா போல்ட்டை மட்டும் தனியாகக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு அடுத்த தெருவிலிருந்த கடைசல்காரரிடம் போனாள். அண்ணனுக்குச் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களை லேத்தில் கடைந்து கொடுத்தவர் அவர்தான். முதலில் தனக்கு எதுவும் தெரியாது என்றார். லேத்தை நிறுத்தாமலே பேசினார். அவள் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவர் மோட்டாரை அணைத்தார்.

விஷயம் இதுதான். விசைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு கொக்கி இருக்கும், நகத்தளவுதான். அந்தக் கொக்கி விலகினால்தான் ஊசி பாயும். மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்டிக்காரர்கள் எல்லோரும், விரல் பட்டதும் வெடிக்கிற மாதிரி விசை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காக அண்ணன் ஒரே சமயத்தில் செய்த ஏழு ரைஃபிள்களில் கொக்கியின் முனையை அரத்தால் ராவி மெலிதாக்கினார். ஆனால் அந்த உருக்குக்கு மேல்தோலில் மட்டும்தான் பதம் ஏறியிருந்தது. தோல் போனதும் உள்ளே மெத்து. இரண்டாயிரம், மூவாயிரம் தடவை சுட்டால் முனை மழுங்கிவிடும். அப்புறம் ஒரு தட்டு போதும், கொக்கி தானே நழுவிவிடும்.

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"எட்டு மாசத்துக்கு முன்னாலயே தெரியும்மா. எங்கிட்ட வந்து புதுசா ஏழு கொக்கி கடையச் சொன்னார். நாலு வாங்கிட்டுப் போனார். யாருக்குன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. சத்தம் போடாம முடிச்சிடறேன், வெளிய போச்சுன்னா இத்தனை வருஷப் பேரும் போச்சுன்னார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினார். அதில் மூன்று கொக்கிகள் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தன.

டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அண்ணன் செய்த தப்பைவிட, தெரிந்தும் எட்டு மாதம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவளை உலுக்கியது. அவளும் எதையும் பார்க்காதவள் இல்லை. போன வருஷத்திலிருந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்தாள். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, எண்ணெய் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று கொஞ்சியதைக் கேட்டாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது வெளியே வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கிலி இருந்திருக்கிறது. அது இப்போதுதான் அவளுக்கே புரிந்தது.

மறுநாள் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினாள். கண் மருந்து வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் மழுங்கிய கொக்கிகள் நாலு கிடைத்தன. ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, மேலே அண்ணனின் கையெழுத்து: டாக்டர், நெட்டையர், பேக்கரி, மூத்த இரட்டை. அவள் தன் அலமாரியைத் திறந்தாள். அவள் அளவெடுத்த ஒவ்வொருவரின் கை வரைபடமும் வருஷ வாரியாக அங்கே இருந்தது. அந்த வருஷத்தில் ஏழு கைகள். நாலைத் தள்ளினால் மீதி மூன்று. ஒன்று டீச்சர். இன்னொன்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மூன்றாவது ஓர் இடது கை. எல்லாவற்றையும் இடது பக்கம் மாற்றிச் செய்த ஒரே கட்டை. பேங்க் குமாஸ்தா ஒருவருக்காகச் செய்தது.

டிரைவர் வீட்டுக்குக் கடைசல்காரரையும் கூட்டிக்கொண்டு போனாள். டிரைவர் இப்போது சுடுவதில்லை, கை உதறல் வந்துவிட்டது. ரைஃபிள் உள்ளறைப் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது, பூட்டியாச்சு, பயப்பட ஒன்றும் இல்லை என்று சிரித்தார். சாவி எங்கே என்று கேட்டதற்கு, பீரோவிலேயே தொங்கும் என்றார்.

அவள் பீரோவைத் திறந்தபோது உள்ளேயிருந்து டிரைவரின் பேத்தி வெளியே வந்தது. ஐந்து வயது இருக்கும். ஒளிந்து விளையாடுகிறதாம். வாயில் விரலை வைத்து, சொல்லிவிடாதீர்கள் என்று சைகை காட்டியது. அதற்குப் பின்னால், தொங்கிய கோட்டுகளுக்கு நடுவில், ரைஃபிள் சுவரில் சாய்ந்து நின்றது.

அளவம்மா குனிந்தாள். குழந்தையைத் தோளைப் பிடித்து அறைக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து போல்ட்டைத் திறந்தாள். தோட்டா இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு முறை பார்த்தாள். விஷயத்தைக் கேட்ட டிரைவர் சிரிப்பதை நிறுத்தினார். போட்டியை விட்ட அன்றைக்கு உள்ளே ஒரு தோட்டாவை மறந்து வைத்திருந்து, மூன்று வாரம் கழித்துத்தான் எடுத்ததாக, யாரும் கேட்காமலே சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். டீச்சருடையதில் மாற்றியதுபோல் இதிலும் கடைசல்காரர் புதுக் கொக்கியை மாட்டினார்.

மூன்றாவதுதான் பிடி கொடுக்கவில்லை. குமாஸ்தாவின் ஃபோன் அணைந்து கிடந்தது. வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். அவர் வெளிநாட்டுக்குப் போய் ஒன்றரை வருஷமாகிறது, ரைஃபிளை முறைப்படி எழுதிக்கொடுத்து யாரோ வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

அளவம்மா, போட்டி நடத்தும் சுடும் கிளப்பின் செயலாளரிடம் போனாள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, அந்த வருஷத்து ரைஃபிள்களில் விசையில் கோளாறு இருக்கிறது, ஒன்று எங்கே என்று தெரியவில்லை, எல்லோரையும் எச்சரிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வாரம் அவருக்குத் தலைக்குமேல் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. புதிய சுடுகூடத்துக்கு நூல்காரர் பேரையே வைக்கிறார்கள். பலகை எழுதி, அதன்மேல் துணி போர்த்தியாகிவிட்டது. ஞாயிறு போகட்டும், திங்கட்கிழமை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்றார். ஆன பிறகா சொல்வது என்று அவள் கேட்டாள். அன்று மாலையே செயலாளர் அண்ணிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அண்ணி அவளைச் சமையலறையில் நிற்கவைத்துக் கேட்டாள். குரல் உயரவில்லை. அதுதான் அளவம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மூணு நாள் பொறுக்க முடியாதா உனக்கு? அவர் பேரை ஒரு தடவை நாலு பேர் முன்னால படிக்கறதை நான் கேட்டுக்கறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"அண்ணி, அந்த மூணு நாள்ல வெடிச்சுதுன்னா?"

"இத்தனை நாள் வெடிக்கலையே."

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அளவம்மா அண்ணிக்குச் சரி என்று சொல்லாமல் அங்கிருந்து நகர்ந்தாள். சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள். போலீசுக்குப் போகலாமா என்று நினைத்தாள். போய் என்ன சொல்வது? எங்கேயோ ஒரு ரைஃபிள் இருக்கிறது, யாரிடம் என்று தெரியாது என்றா? ஞாயிறு போட்டிக்கு வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அங்கே போய் ஒவ்வொரு கட்டையாகப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அவள் செய்த கட்டையை அவளால் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்ல முடியும்.

சுடுகூடத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததே இல்லை. வாசலிலேயே சத்தம் கேட்டது. காதில் பஞ்சு வைத்திருந்தும் ஒவ்வொரு வெடிக்கும் தோள் தூக்கிப் போட்டது. முன்பக்க அரங்கில் நாற்காலிகள், ஒலிபெருக்கி, துணி போர்த்திய பலகை. முதல் வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பூங்கொத்து. அளவம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் ஓரமாக நடந்து, சுடுபவர்கள் நிற்கும் வரிசைக்குப் பின்னால் போய்க் கயிற்றை ஒட்டி நின்றாள்.

பன்னிரண்டு மேடைகள். ஒரு மேடைக்கு ஓர் ஆள். விசில்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர்தான் அங்கே கட்டளை கொடுப்பவர். தோட்டா போடலாம் என்று அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அளவம்மா கட்டை கட்டையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடையில் வாங்கியது. வேறு யாரோ செய்தது. அவள் செய்தது, ஆனால் பழசு, பயமில்லை. ஆறாவது மேடையில் ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும், நீல வர்ணம் அடித்த ரைஃபிளைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நீலம் என்பதால் அளவம்மாவின் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. போன கண் திரும்பி வந்தது. அந்தப் பெண் இடது தோளில் ஏற்றியிருந்தாள். கன்னம் படுகிற இடத்தின் வளைவும், உள்ளங்கைக்குக் கீழே கொஞ்சம் தடித்து இறங்குகிற மேடும் வர்ணத்துக்கு அடியில் அப்படியே தெரிந்தன. ஒரு மாதம் உட்கார்ந்து அவள் செதுக்கிய மேடு அது.

கத்தினால் அந்தப் பெண் திடுக்கிட்டு அசைவாள். கத்தாவிட்டால் சுடுவாள். சுட்டால் ஒழுங்காகவே சுடலாம், நூறு தடவை ஒழுங்காகச் சுட்டு நூற்றோராவது தடவை பக்கத்தில் நிற்கிறவன் காலில் பாயலாம். அளவம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். விசில்காரர் கையை நீட்டித் தடுத்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு சொன்னாள்.

"ஆறாம் நம்பரை நிறுத்துங்க. அது தானா வெடிக்கும். நான் நூல்காரர் தங்கச்சி."

அவர் ஒரு வினாடி அவள் முகத்தைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்து ஊதினார். பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு விதிப்படி போல்ட்டைத் திறப்பதற்காகத் துப்பாக்கிகளைத் தோளிலிருந்து இறக்கினார்கள். நீல ரைஃபிளும் இறங்கியது. அதன் அடிக்கட்டை, துப்பாக்கியை இறக்கி வைக்கும் தாங்குபலகையில் மெல்லத்தான் பட்டது.

வெடித்தது.

குண்டு ஆறு அடி தள்ளி, சிமெண்டுத் தரையும் மண்ணும் சேருகிற இடத்தில் பாய்ந்து புழுதியைக் கிளப்பியது. யாரோ தடுமாறி விழுந்த சத்தம் கேட்டது. அளவம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டிருந்தாள். கண்ணைத் திறக்கப் பயந்தாள். யாராவது அலறுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் அலறவில்லை. விழுந்தவர் ஐந்தாம் மேடைக்காரர். பயத்தில் விழுந்தாரே தவிர அவருக்குக் கீறல்கூட இல்லை. அவர் தன் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொடவே இல்லை," என்றாள் அந்தப் பெண். இடது கை விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அரங்கிலிருந்து செயலாளர் ஓடிவந்தார். அவர் பின்னால் பாதிக் கூட்டம் வந்தது. அந்தப் பெண் வெளியூர்க் கிளப்பிலிருந்து வந்தவள். அவளுடைய பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டார். போட்டியிலிருந்து விலக்க வேண்டியதுதான் என்று ஒருவர் சொன்னார். இந்த அம்மா உள்ளே புகுந்து பயமுறுத்தியதால் விரல் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். அளவம்மா மெல்ல எழுந்தாள். தான் வாயை மூடிக்கொண்டால் இந்தப் பெண் காலத்துக்கும் தன் விரலையே சந்தேகப்படுவாள், டீச்சர் மருந்து சாப்பிட்டது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

தோட்டாவையெல்லாம் அகற்றச் சொன்னாள். நீல ரைஃபிளின் போல்ட்டைத் திறந்து பார்த்தாள், விசில்காரரைப் பார்க்கச் சொன்னாள், விரலை விட்டுத் தடவினாள். மூடினாள். குழலை மண்மேட்டுப் பக்கம் வைத்து, அடிக்கட்டையை ஒரு சாண் தூக்கித் தாங்குபலகையில் தட்டினாள்.

ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். ஒன்றும் இல்லை. நாலு, ஐந்து, ஆறு. கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சத்தம் வராவிட்டால் இந்தப் பெண் தொலைந்தாள், தன்னையும் பைத்தியம் என்பார்கள். வந்தால் அண்ணன் தொலைந்தார். இரண்டில் எதற்குத் தான் அதிகம் பயப்படுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு. எட்டு.

டிக்.

பக்கத்தில் நின்ற விசில்காரர் பின்னால் ஓரடி நகர்ந்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். போல்ட்டைத் திறந்து மூடித் தட்டினாள், மூன்றாவது தட்டிலேயே சத்தம் வந்தது.

"இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை," என்றாள் அளவம்மா. எல்லோருக்கும் கேட்டது. "உள்ள இருக்கற கொக்கி மழுங்கிப்போச்சு. எங்கண்ணன் செஞ்ச தப்பு இது. ஏழு ரைஃபிள்ல இந்தத் தப்பு நடந்திருக்கு, இது ஏழாவது. அவருக்குத் தெரியும், சொல்லல. எனக்கும் அஞ்சு நாளா தெரியும், இப்பதான் சொல்றேன்."

பேசி முடித்ததும் திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தாள். பூங்கொத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்து போனாள்.

பலகையின் துணியை அன்று யாரும் விலக்கவில்லை. பிறகும் விலக்கவில்லை. திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து பட்டறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இரண்டு மாதம் விசாரணை நடந்தது. அளவம்மாவும் கடைசல்காரரும் மாறி மாறிப் போய் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கடைசியில் அபராதத்தோடும், இனி அங்கே இரும்பு வேலை நடக்கக் கூடாது என்ற உத்தரவோடும் விட்டார்கள்.

அண்ணன் தன் வாழ்நாளில் மொத்தம் நாற்பத்து மூன்று ரைஃபிள் செய்திருந்தார். ஏழு போக மீதி முப்பத்தாறிலும் சந்தேகம் இல்லை என்று கடைசல்காரர் அடித்துச் சொன்னார். அளவம்மாவால் அதை நம்பி உட்கார முடியவில்லை. அத்தனை பேருக்கும் கடிதம் போட்டாள். பலர் கொண்டுவந்து அரசாங்கச் சோதனைச்சாலையில் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தன. சிலர் திட்டி எழுதினார்கள். டாக்டர் நேரில் வந்து, எண்ணெய் போடுகிறேன் என்று பொய் சொல்லித்தானே என் துப்பாக்கியை வாங்கிப்போனார், அதற்கு முன்னால் என் மகன் அதை எத்தனை தடவை தூக்கியிருப்பான் தெரியுமா என்று கேட்டார். அவள் தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டாள். டாக்டர் கேட்டதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை.

நீல ரைஃபிள்காரப் பெண் ஒரு வருஷம் துப்பாக்கியைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் கடையில் வாங்கிய புதுத் துப்பாக்கியோடு வந்து, கட்டை மட்டும் செய்து தருவீர்களா என்று கேட்டாள். கட்டை செய்ய அளவம்மாவுக்குத் தடை இல்லை. கையைக் காகிதத்தில் வைக்கச் சொன்னாள். இரண்டு பேர் கையும் நடுங்கியதால் கோடு கோணலாகப் போனது, மூன்று காகிதம் வீணானது. நாலாவதில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அண்ணி ஏழு மாதம் அவளோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், டீ கொடுப்பாள், பேச மாட்டாள். வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்றில் இரண்டு ரைஃபிள்கள் மட்டும் இன்னும் எங்கே என்று தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தியவை. வாங்கியவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் வீடு மாறிப் போய்விட்டார். அளவம்மா காலையில் பேப்பர் வந்ததும் கடைசிப் பக்கத்துச் சின்னச் செய்திகளைத்தான் முதலில் படிப்பாள். துப்பாக்கி என்ற சொல் கண்ணில் பட்டால் முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவாள். ஒரு நாள் அவள் அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி எதிரில் வந்து உட்கார்ந்தாள். வீடு மாறிப் போனவர் மனைவி தன்னோடு தையல் வகுப்பில் படித்தவள், அவள் தம்பி கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். அளவம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கூடவே கிளம்பினாள்.